ஐந்து ஆட்டமா, ஐயாயிரம் டாலரா: என்.எச்.எல். வீரர் பாதுகாப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் வீரர் பாதுகாப்புத் துறைத் தலைவர் ஜார்ஜ் பாரோஸ் அவர்களுக்கும், நியூயார்க் அறையில் அவரோடு உட்கார்ந்து ராத்திரி ராத்திரி வீடியோ பார்க்கும் எல்லோருக்கும்,

வணக்கம்.

மடல் தமிழில் இருப்பதால் உங்கள் மேசைக்கு வந்து சேருமா என்பது சந்தேகம்தான். பரவாயில்லை, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியவர்களுக்கு மட்டும் என்ன பதில் கிடைத்துவிட்டது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் ஆட்டக்காரர் இன்னொருவரின் தலையில் இடித்தால், இத்தனை ஆட்டம் தடை என்ற முடிவுக்கு எந்தக் கணக்கில் வருகிறீர்கள் என்பதை எழுதிக் காட்டுங்கள். தடை போடாமல் விட்டால் ஏன் விட்டீர்கள் என்பதையும் அதே மாதிரி எழுதிக் காட்டுங்கள். தண்டனையைக் கூட்டு, கூட்டு என்று கத்துகிற கூட்டத்தில் நான் இல்லை (சில இடங்களில் கூட்டித்தான் ஆக வேண்டும், அதற்கு அப்புறம் வருகிறேன்). இப்போதைக்கு எனக்கு எண்ணைவிட அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதுதான் வேண்டும்.

2012 பிளே-ஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் தொடர்) முதல் சுற்றிலிருந்து தொடங்கலாம். அப்போது நீங்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தீர்கள், இந்த நாற்காலியில் பிரெண்டன் ஷனஹன் இருந்தார், துறை தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 11, நாஷ்வில்லில் டெட்ராய்ட்டுக்கு எதிரான முதல் ஆட்டம் முடிகிற தறுவாய். நாஷ்வில் கேப்டன் ஷே வெபர், போர்டோரம் (ஆடுகளத்தைச் சுற்றி இருக்கும் தடுப்பு) திரும்பி நின்ற ஹென்ரிக் செட்டர்பெர்க்கைப் பின்னாலிருந்து முதலில் ஒரு குத்து விடுகிறார், அது போதாமல் தலையைக் கையால் பிடித்துக் கண்ணாடியில் ஒரு மோது மோதுகிறார். பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் இருக்கும் ரப்பர் வட்டு) பறிப்பதற்காக இடித்தேன், தவறிப்போய் தலையில் பட்டுவிட்டது என்று சொல்லவே வழியில்லாத ஒரு செயல். கையால் தலையைப் பிடித்து மோதியது ஹாக்கியின் எந்தப் பகுதியிலும் வராது. தண்டனை 2,500 டாலர். அன்றைய ஒப்பந்தப்படி அபராதத்தின் உச்சவரம்பு அதுதான். ஒரு ஆட்டம்கூடத் தடை கிடையாது. செட்டர்பெர்க்குக்குப் பெரிதாக அடி இல்லை, அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடுவார் என்று டெட்ராய்ட் அணி சொன்னதையும் துறை காரணமாகக் காட்டியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, அதனால் வெபருக்கும் லாபம்.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 14. நியூயார்க் ரேஞ்சர்ஸின் கார்ல் ஹேகலின், ஒட்டாவாவின் டேனியல் ஆல்ஃபிரெட்சனை முழங்கையால் தலையில் தாக்கினார். 3 ஆட்டம் தடை. இன்னும் மூன்று நாள் போனதும், ஏப்ரல் 17, சிகாகோவில் ஃபீனிக்ஸின் ராஃபி டோரஸ், பக்கை ஏற்கனவே விட்டுவிட்ட மரியன் ஹோசாவை எம்பிப் பாய்ந்து இடித்தார், ஹோசா ஸ்ட்ரெச்சரில் போனார். அங்கே நடுவர்கள் ஒரு பெனால்டிகூடக் கொடுக்கவில்லை. உங்கள் துறை 25 ஆட்டம் போட்டது, பின்னர் மேல்முறையீட்டில் லீக் கமிஷனர் பெட்மன் 21 ஆகக் குறைத்தார்.

ஒரே வாரம், ஒரே அலுவலகம், ஒரே நாற்காலி. 2,500 டாலர், 3 ஆட்டம், 25 ஆட்டம். டோரஸுக்குப் பழைய வரலாறு இருந்தது, ஹேகலினுக்கு இல்லை, வெபர் அடித்ததில் காயம் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சமாதானம் சொல்ல முடியும், நானே சொல்லிவிடுவேன். மூன்றையும் ஒரே பலகையில் எழுதி, இந்த மூன்றும் ஒரே அளவுகோலில் வந்தவை என்று யாராலும் காட்ட முடியாது. ஆளைப் பார்த்து இலை போட்டார்கள் என்று ஜனங்கள் சொன்னால் அவர்கள் மேல் கோபப்பட என்ன இருக்கிறது?

ஹாக்கி அவ்வளவாகப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு சின்ன விளக்கம். ஐஸ் ஹாக்கியில் பக்கை வைத்திருப்பவரை உடலால் இடிப்பது விதிப்படி சரியான ஆட்டம், அதில் ஒரு கலையே இருக்கிறது, கூட்டம் காசு கொடுத்து வருவதில் பாதி அதற்காகத்தான். தப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு 48-ஆம் விதி இருக்கிறது. அந்த விதி சொல்வது இவ்வளவுதான்: இடி முக்கியமாகப் பட்ட இடம் தலையாக இருக்க வேண்டும், தலையில் படாமல் தவிர்த்திருக்க முடிந்ததாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குற்றம். சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தின் ஆட்டங்களில் இந்த அளவு நுணுக்கம் பார்ப்பதில்லை, தலையில் செக் செய்தால் அது தப்பு, அவ்வளவுதான். நீங்களோ தோள் முதலில் நெஞ்சில் பட்டதா தாடையில் பட்டதா, இடி வாங்கியவர் கடைசி நொடியில் குனிந்தாரா, முழங்கை உடம்போடு ஒட்டி இருந்ததா என்று ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கிறீர்கள். பார்ப்பதில் தப்பில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதை அப்படிப் பார்க்காமல் தீர்ப்பு சொல்வதுதான் அநியாயம். அந்த வேலை சுலபம் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் இத்தனை நுணுக்கமாகப் பார்த்த பிறகு வெளியே வருவது ஒரு எண் மட்டும் என்றால், உள்ளே நடந்த உழைப்பு யாருக்குத் தெரியும்?

அதுவும் தடை போட்டால்தான். தடை போடும்போது நீங்கள் வெளியிடும் அந்தச் சின்ன வீடியோக்களை நான் உண்மையிலேயே மதிக்கிறேன், ஷனஹன் காலத்தில் தொடங்கிய நல்ல பழக்கம் அது. என்ன நடந்தது, எந்த விதி, காயம் உண்டா, பழைய வரலாறு உண்டா என்று வரிசையாகச் சொல்லி முடிவை அறிவிப்பீர்கள். ஆனால் அதிலும் கடைசியில் ஒரு தாவல் இருக்கிறது. 'இவருக்குக் காயம் ஏற்பட்டது, அவர் முன்பு தண்டிக்கப்பட்டவர்' என்பது வரை தர்க்கமாகப் போய், சட்டென்று 'ஐந்து ஆட்டம்' என்று முடியும். ஏன் ஐந்து? மூன்றாக இருந்து காயத்துக்காக இரண்டு கூடியதா, எட்டாக இருந்து நல்லவர் என்பதற்காக மூன்று குறைந்ததா? கணக்குப் பரீட்சையில் விடையை மட்டும் எழுதி வைத்தால் எந்த வாத்தியாரும் முழு மார்க் போடமாட்டார்.

தடை போடாதபோது பெரும்பாலும் அந்த வீடியோவும் கிடையாது. மௌனம்தான் தீர்ப்பு.

சீராக இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2010 மார்ச் 7, பிட்ஸ்பர்க். பாஸ்டனின் மார்க் சவார்ட் பக்கை அடித்துவிட்டு நிமிர்வதற்குள், பக்கவாட்டிலிருந்து வந்த மேட் குக் தோளால் அவர் தலையில் இடித்தார். சவார்டை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அன்று தண்டனைப் பொறுப்பு காலின் கேம்பலிடம் இருந்தது, அவர் தடை போடவில்லை. காரணம் என்ன தெரியுமா? சில மாதங்களுக்கு முன்னால் மைக் ரிச்சர்ட்ஸ், டேவிட் பூத்தை இதே மாதிரி இடித்தபோது தடை போடவில்லை, அதனால் இப்போதும் அதே நிலைப்பாடு! முறையாகத்தான் நடந்துகொண்டார். ஒரு தப்பான முடிவுக்கு விசுவாசமாக இன்னொரு தப்பான முடிவு. அந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகுதான் 48-ஆம் விதியே வந்தது. சவார்ட் திரும்பி வந்து ஆடினார், ஆனால் 2011 ஜனவரியில் இன்னொரு இடி வாங்கியதோடு அவர் ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

அதனால் நான் பழைய தீர்ப்புகளையே திருப்பித் திருப்பிப் போடுங்கள் என்று கேட்கவில்லை. அளவுகோல் எழுத்தில் வெளியே இருந்தால், அது தப்பாக இருக்கும்போது தப்பு என்று சொல்லவாவது முடியும். மனசுக்குள்ளே வைத்திருக்கிற அளவுகோலோடு யார் சண்டை போடுவது?

இப்போது காயம் என்ற விஷயம். லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், தண்டனையை முடிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை என்று சில காரணிகள் இருக்கின்றன: என்ன மாதிரிச் செயல், எதிராளிக்குக் காயமா, செய்தவர் முன்பும் செய்தவரா, ஆட்டம் எந்த நிலையில் இருந்தது, வேறு ஏதாவது பொருத்தமானவை. இதில் காயத்துக்கு நீங்கள் கொடுக்கிற எடைதான் எனக்கு உறுத்துகிறது. ஒரே வேகம், ஒரே கோணம், ஒரே தோள். இடி வாங்கியவர் எழுந்து பெஞ்சுக்குப் போனால் ஒரு விலை, விழுந்தே கிடந்தால் இன்னொரு விலை. இடித்தவர் செய்தது இரண்டிலும் ஒன்றுதானே?

சரி, காயத்தைப் பார்க்கத்தான் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். மூளை அதிர்ச்சி எலும்பு முறிவு மாதிரி அன்றைக்கே எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. 2011 ஜனவரி 1, திறந்தவெளியில் நடந்த வின்டர் கிளாசிக்கில் டேவிட் ஸ்டெக்கலின் தோள் சிட்னி கிராஸ்பியின் தலையில் மோதியது. பெனால்டி இல்லை, தடை இல்லை. கிராஸ்பி ஜனவரி 5-ஆம் தேதி மறுபடியும் ஆட வந்தார், விக்டர் ஹெட்மனிடம் இன்னொரு இடி வாங்கினார். அதற்குப் பிறகு அவரை ஐஸில் பார்த்தது நவம்பர் 21 அன்றுதான். ஸ்டெக்கல் வேண்டுமென்றே செய்தாரா என்பது தனி விவாதம், எனக்கே அதில் உறுதி இல்லை. ஆனால் ஜனவரி 2-ஆம் தேதி யாராவது 'காயம் உண்டா' என்று கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? 'ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார்.' உலகத்தின் முதல்தர ஆட்டக்காரர் ஒருவர் பத்து மாதத்துக்கு மேல் உட்காரப்போகிறார் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட ஒரு விஷயத்தை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எடை போட்டுத் தண்டனையைக் கூட்டிக் குறைப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

விசாரணை முறையிலும் ஒரு கோணல் உண்டு. ஐந்து ஆட்டத்துக்கு மேல் தடை போட வேண்டுமானால் ஆட்டக்காரரை நேரில் வர அழைக்க வேண்டும். அப்படி அழைக்கவில்லை என்றால் ஐந்துதான் உச்சம். அதாவது சம்பந்தப்பட்டவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, அழைப்பின் வகையைப் பார்த்தே ரசிகர்களும் பத்திரிகையாளர்களும் தண்டனையைக் கணித்துவிடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் மோர்கன் ரியெல்லியை நேரில் அழைத்தபோது டொராண்டோவே ஆறு, ஏழு என்று ஏலம் போட்டது, கடைசியில் வந்தது ஐந்து. காலி கோலில் ரிட்லி கிரெய்க் ஓங்கி அடித்ததற்கு ஆத்திரப்பட்டு, மட்டையைக் குறுக்கே பிடித்து முகத்தை நோக்கி இடித்தார் ரியெல்லி. நான் டொராண்டோவின் மேப்பிள் லீஃப்ஸ் ரசிகன், இருந்தும் சொல்கிறேன், ஐந்து நியாயம்தான். கோல் போட்டு வெறுப்பேற்றினான் என்பதெல்லாம் ஒரு காரணமா?

அடுத்து பணம். பாரோஸ் அவர்களே, நீங்கள் பிரின்ஸ்டனில் பொருளாதாரம் படித்தவர். ஒரு செயலுக்கு விலை குறித்துவிட்டால் அதை வாங்கத் தயாராக ஆள் இருப்பான் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 மே 3, மேடிசன் ஸ்கொயர் கார்டன். வாஷிங்டனின் டாம் வில்சன், ஐஸில் குப்புறக் கிடந்த பாவெல் புச்னெவிச்சைக் குத்துகிறார். விலக்க வந்த ஆர்டெமி பனாரினை, தலையில் ஹெல்மெட்கூட இல்லாத நிலையில், ஐஸில் தூக்கிப் போடுகிறார். பனாரினுக்கு அந்த சீசன் அதோடு முடிந்தது. வில்சன் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பிராண்டன் கார்லோவை போர்டில் இடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதற்காக 7 ஆட்டம் வெளியே உட்கார்ந்து வந்தவர். 2018-இல் ஆஸ்கர் சண்ட்க்விஸ்ட்டை இடித்து 20 ஆட்டம் வாங்கியவர். அன்று உங்கள் துறையே 105 ஆட்டத்துக்குள் இது நான்காவது தடை என்று எண்ணிச் சொன்னது. அந்த வரலாறுள்ள ஆளுக்கு இந்த முறை கிடைத்தது 5,000 டாலர் அபராதம். அதுவும் புச்னெவிச்சைக் குத்தியதற்கு மட்டும், பனாரின் விஷயத்துக்கு ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறவருக்கு 5,000 டாலர் என்பது தண்டனையா, வாகன நிறுத்தக் கட்டணமா?

கொதித்துப்போன ரேஞ்சர்ஸ் நிர்வாகம், பாரோஸ் இந்தப் பொறுப்புக்கு லாயக்கில்லாதவர் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. அது அதிகப்படியான பேச்சு என்றுதான் நான் நினைக்கிறேன், ஒரு தனி மனிதரைப் பிடித்து ஆட்டுவதால் முறை மாறிவிடாது. ஆனால் அந்த அறிக்கைக்காக லீக் ரேஞ்சர்ஸுக்குப் போட்ட அபராதம் 2,50,000 டாலர். செய்ததற்கு ஐயாயிரம், சொன்னதற்கு இரண்டரை லட்சம். ஐம்பது மடங்கு! இதற்கு மேல் நான் என்ன எழுதுவது?

மே 5 அன்று அதே இரண்டு அணிகள், அதே மைதானம். பக்கை நடுவில் போட்ட அதே நொடியில் கையுறைகள் பறந்தன. ஐந்து நிமிடத்துக்குள் ஆறு சண்டை. நீங்கள் தீர்ப்பு சொல்லாமல் விட்ட வழக்கை ஆட்டக்காரர்கள் ஐஸில் எடுத்து விசாரித்தார்கள், அவ்வளவுதான். அன்று நல்லவேளையாக யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

ஆன காலமும் உண்டு. 2004 பிப்ரவரி 16-ஆம் தேதி கொலராடோவின் ஸ்டீவ் மூர், வான்கூவர் கேப்டன் மார்கஸ் நாஸ்லண்டை இடித்தார். நாஸ்லண்டுக்கு மூளை அதிர்ச்சி. மூருக்கு பெனால்டியும் இல்லை, தடையும் இல்லை. வான்கூவர் அணி அதை மறக்கவில்லை, மறக்கவில்லை என்பதை ஒளிக்கவும் இல்லை. மார்ச் 8 அன்று வான்கூவரில் மறுபடி மோதினார்கள். முதல் பகுதியிலேயே மூர் ஒரு சண்டை போட்டார். போட்டது யாரோடு என்றால், மேலே சவார்ட் கதையில் வந்தாரே, அதே மேட் குக்கோடு. ஹாக்கி வழக்கப்படி கணக்கு அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மூன்றாவது பகுதியில் டாட் பெர்டூஸி, மூரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து, தலையின் பக்கவாட்டில் குத்தி, அவரை ஐஸில் முகம் அடிபட விழவைத்து, தானும் மேலே விழுந்தார். மூரின் கழுத்தில் மூன்று எலும்புகள் முறிந்தன. அவர் அதற்குப் பிறகு ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. பெர்டூஸி அந்த சீசனின் மீதி முழுக்க வெளியே உட்கார்ந்தார், நடுவில் லீகே மூடிக் கிடந்த லாக்அவுட்டில் ஒரு சீசனே போயிற்று, 2005 ஆகஸ்டில் திரும்ப அனுமதித்தார்கள். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூர் தொடுத்த சிவில் வழக்கு 2014-இல்தான் சமரசத்தில் முடிந்தது.

மூரின் அந்த முதல் இடிக்கு இரண்டு ஆட்டம் தடை போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த இடி விதிப்படி சரியானது என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. அப்படியானால் ஏன் சரி என்பதை லீக் அன்றே பத்து வரியில் எழுதி, இதுதான் காரணம், இதோடு முடிந்தது, யாராவது பழி தீர்க்கப் போனால் இத்தனை ஆட்டம் என்று அறிவித்திருக்கலாமே. அந்தப் பத்து வரியைத்தான் நானும் இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பழி தீர்க்கும் பழக்கம் பழைய காலத்தோடு ஒழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் ஒட்டாவாவோடு ஆடும்போது டெட்ராய்ட் கேப்டன் டிலன் லார்கின் இடி வாங்கி ஐஸில் அசைவில்லாமல் கிடந்தார். அதைப் பார்த்துக் கொதித்த டேவிட் பெரான், மட்டையால் தாக்கியது சம்பந்தமே இல்லாத ஆர்டெம் ஸுப்பை. பெரானுக்கு 6 ஆட்டம், லார்கின் விழுந்ததற்கு யாருக்கும் தடை இல்லை.

தடை போட்டு என்ன பிரயோஜனம், திருந்தாதவன் திருந்தமாட்டான் என்று சொல்பவர்களுக்கு மறுபடியும் மேட் குக்கையே காட்டுகிறேன். 2011 மார்ச்சில் ரயன் மெக்டோனாவை முழங்கையால் தாக்கினார். இந்த முறை லீக் விட்டுக்கொடுக்கவில்லை: சீசனில் மீதியிருந்த 10 ஆட்டமும், அதோடு பிளே-ஆஃப் முதல் சுற்று முழுவதும் தடை. அவருடைய அணியான பிட்ஸ்பர்க் அந்தச் சுற்றில் ஏழு ஆட்டம் ஆடித் தோற்றது, குக் வேடிக்கை பார்த்தார். அடுத்த சீசன் 82 ஆட்டத்திலும் ஆடினார், 19 கோல் போட்டார், பெனால்டியில் வெளியே உட்கார்ந்த நிமிடங்கள் 129-இலிருந்து 44 ஆக இறங்கியது. ஆளே மாறிவிட்டார் என்று எல்லோரும் எழுதினார்கள். (முழுக்க மாறவில்லை. 2014 பிளே-ஆஃபில் டைசன் பேரியை முழங்காலில் இடித்து 7 ஆட்டம் வாங்கினார்.) ஆனாலும் வலிக்கிற தண்டனை வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி ஹாக்கியில் எனக்குத் தெரியாது. மேலே 'அப்புறம் வருகிறேன்' என்று சொன்னேனே, அது இதுதான். டோரஸுக்கு 2015-இல் 41 ஆட்டம், அரை சீசன் போட்டீர்கள், அவர் மறுபடி ஒரு என்.எச்.எல். ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் தடவையே வலிக்கிற மாதிரி போட்டிருந்தால் 41 வரை போயிருக்காதோ என்னவோ.

மற்ற விளையாட்டுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள். ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில் ஒரு அட்டவணையே இருக்கிறது. செயல் கவனக்குறைவா வேண்டுமென்றே செய்ததா, தாக்கம் எவ்வளவு கடுமை, பட்ட இடம் தலையா உடம்பா. இந்த மூன்றையும் வைத்து அட்டவணையில் விரலை ஓட்டினால் எத்தனை ஆட்டம் என்று வந்துவிடும். அட்டவணை எல்லோர் கையிலும் இருக்கிறது. சண்டை வராமல் இல்லை, ஆஸ்திரேலியர்கள் ஒவ்வொரு வாரமும் அதைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள், ஆனால் அவர்களுடைய சண்டை 'இது கவனக்குறைவா வேண்டுமென்றா' என்ற அளவில் நிற்கிறது. ரக்பியில் தலையில் படுகிற அபாயகரமான டாக்கிளுக்குக் குறைந்தபட்சத் தொடக்கமே நடுத்தர நிலை, அதாவது 6 வாரம். அங்கிருந்து தணிக்கும் காரணங்கள் இருந்தால் பாதி வரை குறைக்கலாம். எங்கே தொடங்கி, எதற்காக எத்தனை வாரம் குறைத்தார்கள் என்பதெல்லாம் தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். இவை ஒன்றும் மென்மையான விளையாட்டுகள் இல்லை, அங்கேயும் ஆட்கள் மோதிக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.

ஆட்டக்காரர் சங்கம் ஒத்துக்கொள்ளாது என்பீர்கள். அது பாதி உண்மை. இடித்தவரும் சங்க உறுப்பினர், இடி வாங்கியவரும் சங்க உறுப்பினர், ஆனால் மேல்முறையீட்டில் சங்கம் நிற்பது இடித்தவர் பக்கம். சம்பளம் போகிறவர் அவர்தான் என்பதால் சட்டப்படி அது அவர்கள் கடமையாக இருக்கலாம். வில்சனின் 20 ஆட்டத்தை நடுநிலை மத்தியஸ்தர் ஷியாம் தாஸ் 14 ஆகக் குறைத்தபோது வில்சன் ஏற்கனவே 16 ஆட்டம் உட்கார்ந்துவிட்டிருந்தார். துணை நடுவரான லைன்ஸ்மேன் டான் ஹென்டர்சனை இடித்த டென்னிஸ் வைட்மேனுக்கு 20 போட்டு, அது 10 ஆகக் குறைந்தபோது அவர் 19 ஆட்டத்தை முடித்திருந்தார். இரண்டிலும் ஆட்டக்காரருக்குத்தான் நஷ்டம். எழுதி வைத்த அட்டவணை ஒன்று இருந்தால் இந்த ஆட்டக்காரர்களுக்கும் அது பாதுகாப்பு என்பதைச் சங்கத்துக்கு யாராவது எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

உங்களிடம் இதைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. 2013 அக்டோபர் 1, மான்ட்ரியால். சீசனின் முதல் நாள். கோல்டன் ஓரோடு நடந்த சண்டையில் நிலை தடுமாறி நீங்கள் முகம் ஐஸில் மோத விழுந்தீர்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது. அந்த சீசனோடு உங்கள் ஆட்டமும் முடிந்தது. தலையில் அடிபடுவது என்றால் என்ன என்பதை அந்த அறையில் உங்களைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது. சண்டைக்காரராக ஆடியவருக்கு இந்த வேலையா என்று 2017-இல் பலர் கேட்டார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை, திருடனுக்குத்தான் திருட்டு வழி தெரியும் என்று நினைத்தவன் (தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்).

கடைசியாக என் அணி விஷயம். ரசிகன் என்பதால் இதைக் கடைசிக்குத் தள்ளினேன். 2025 மே 5, டொராண்டோவில் இரண்டாம் சுற்றின் முதல் ஆட்டம். ஃபுளோரிடாவின் சாம் பென்னட், கோல் முகப்பைக் கடக்கும்போது கையால் எங்கள் கோல்கீப்பர் ஆன்டனி ஸ்டோலார்ஸின் தலையில் இடித்துக்கொண்டு போனார். பெனால்டி இல்லை. ஸ்டோலார்ஸ் சற்று நேரத்தில் பெஞ்சருகே வாந்தி எடுத்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அந்தத் தொடரில் பிறகு ஆடவே இல்லை. அதே ஆட்டத்தில் அதற்கு முன்னால் ஒரு பக் அவர் முகக்கவசத்தில் வேகமாகப் பட்டிருந்தது என்பதும் உண்மை, அதனால் எது எதற்குக் காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பென்னட்டுக்கு விசாரணையும் இல்லை, அபராதமும் இல்லை. தொடர் ஏழு ஆட்டம் போய் நாங்கள் தோற்றோம். பென்னட் கோப்பையையும் பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். அதற்கு ஆறு மாதம் முன்னால் எங்கள் ரயன் ரீவ்ஸ், டார்னல் நர்ஸைத் தலையில் இடித்ததற்கு 5 ஆட்டம் போட்டீர்கள், சரியாகத்தான் போட்டீர்கள், ஒரு வார்த்தை மறுப்பு இல்லை.

பென்னட் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். கோல்கீப்பரைக் கடந்து போகையில் தற்செயலாகப் பட்டது என்று நீங்கள் முடிவு செய்திருக்கலாம், பக் பட்டதைக் கணக்கில் எடுத்திருக்கலாம். அந்த ஃபிரேம்களை நீங்கள் நிச்சயம் நகர்த்திப் பார்த்திருப்பீர்கள், யாரோ ஒருவர் தடை வேண்டும் என்றும் இன்னொருவர் வேண்டாம் என்றும் அந்த அறையில் வாதாடியிருப்பார்கள். அதை வெளியே சொல்லுங்கள் என்கிறேன். தடை இல்லை என்ற முடிவை மாற்ற வேண்டாம், வழக்கமாகப் போடுகிற மாதிரி ஒரு மூன்று நிமிட வீடியோ போதும், 'இதனால்தான் விட்டோம்' என்று. புது சீசனுக்கு அட்டவணை போட ஒப்பந்தம், சங்கம், பேச்சுவார்த்தை என்று ஆயிரம் தடங்கல் இருக்கும், எனக்குப் புரிகிறது. இந்த வீடியோவுக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு மேப்பிள் லீஃப்ஸ் ரசிகன்